விரைப் புற்றுநோய்: பழைய மூன்று மார்க்கர்களா, மிர்-371ஆ?

விரையில் கட்டியோ என்று சந்தேகம் வந்ததும் ரத்தம் எடுத்துப் பார்ப்பது மூன்று மார்க்கர்களை, அதாவது புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களை: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். சாதாரண லேபிலேயே செய்துவிடலாம். எந்த அளவுக்கு எந்தச் சிகிச்சை என்பதில் பல ஆண்டு அனுபவமும் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கட்டி இருந்தும் மூன்றும் நார்மல் என்று வருகிற நோயாளிகள் நிறையப் பேர். விரைப் புற்றுநோயில் செமினோமா என்ற வகையில் ஏ.எஃப்.பி. ஏறவே ஏறாது, எச்.சி.ஜி.யும் சிலருக்குத்தான் ஏறும். எல்.டி.எச்.சோ உடம்பில் எங்கே செல்கள் சிதைந்தாலும் ஏறிவிடும்.

மிர்-371 என்பது 23 எழுத்து நீளமே உள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ., அதாவது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் துண்டு. கரு உருவாகும் தொடக்க நாட்களில் வேலை செய்து, பிறகு அடங்கிவிடுவது. விரையின் ஜெர்ம் செல் கட்டிகள் (விந்தாக வேண்டிய செல்களிலிருந்து வருபவை) அதை மீண்டும் எழுப்பி ரத்தத்தில் கசியவிடுகின்றன, செமினோமாவானாலும் இல்லாவிட்டாலும். 2019இல் வெளியான ஜெர்மானியர் தலைமையிலான ஆய்வில் 616 நோயாளிகளைச் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களில் 90.1 சதவீதம் பேரை இது பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 94 சதவீதம் பேருக்குச் சரியாகவே 'இல்லை' என்றது. பழைய மூன்றும் சேர்ந்தாலும் இதன் அருகில் வரவில்லை.

இறங்கும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. ஏ.எஃப்.பி. பாதியாகக் குறையவே 5 முதல் 7 நாள் ஆகும். மிர்-371 அறுவைக்குப் பின் ஒரே நாளில் பெருமளவு இறங்கிவிடுகிறது.

லேபில்தான் இது படுத்தும். அளவு மிக நுண்ணியது, ஆர்.டி.-பி.சி.ஆர். வேண்டும். ஊசி குத்தும்போது சிவப்பணு உடைந்து, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) லேசாக ரோஸ் நிறம் காட்டினால் போதும், அந்தச் சிவப்பணுவிலிருந்து மிர்-16, மிர்-451 போன்ற வேறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் கொட்டும். மிர்-371ஐ அளக்க மிர்-16ஐ ஒப்பீட்டுக்கு வைத்திருந்தால் கணக்கே புரண்டுவிடும்.

 

எனக்கு இது முக்கியமாகப் படுவது கண்காணிப்பில்தான். நோய் பரவாத முதல் கட்டத்திலேயே விரையை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் செமினோமா நோயாளிகளில் நோய் திரும்புவது சுமார் 15 முதல் 20 சதவீதம் பேருக்கே. மீதிப் பேர் இருபது, முப்பது வயதிலேயே ஆண்டுக்கணக்காக சி.டி. ஸ்கேன் அறை வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு சிறு குழாய் ரத்தம் அந்த ஸ்கேன்களில் பாதியைக் குறைத்தாலும் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த இடத்துக்கு மிர்-371ஐத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், இப்போதைக்குப் பழைய மூன்றோடு சேர்த்து.

டெரட்டோமா என்ற ஜெர்ம் செல் கட்டி வகையில் மட்டும் இரண்டு பக்கமும் தோற்கின்றன. முதிர்ந்த டெரட்டோமா பழைய மார்க்கர்களையும் ஏற்றாது, மிர்-371ஐயும் ரத்தத்தில் கசியவிடாது. கீமோவுக்கும் அசையாது, வெட்டி எடுத்தே ஆக வேண்டும். கீமோ முடிந்தபின் வயிற்றுக்குள் ஒரு கட்டி மிஞ்சியிருந்தால், மிர்-371 இல்லை என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி அந்த அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.