அப்பா பெயரில் ஓடும் என் கைபேசி எண்: பதிவு செய்த சிம்முடன் பதின்மூன்று ஆண்டுகள்

கோயில் பணிக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திறங்கிய நாகசுர இளைஞர் என்னிடம் முதலில் விசாரித்தது சாப்பாட்டையோ குளிரையோ அன்று. “அண்ணே, ரோபோ பக்கத்துல சிம் விக்கிறாங்களாம், ஏற்கெனவே ரீக்கா பண்ணினதாம், காகிதம் எதுவும் கேக்க மாட்டாங்களாம். அதையே வாங்கிக்கிடட்டுமா?” என்றார். போக்குவரத்து விளக்கை இந்நாட்டார் ரோபோ என்பர் என்பதையும், சிம் அட்டையைப் பெயர், முகவரியுடன் பதிவு செய்வதற்கு ரீக்கா என்று பெயர் என்பதையும் வந்த நான்கே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். “வேண்டாம் தம்பி” என்று மட்டும் அப்போது சொன்னேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது அதே பதிலில் நிற்பேனா என்பது எனக்கே ஐயமாக இருக்கிறது.

ரீக்கா என்பது 2002ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். சிம் பதிவு நடைமுறைக்கு வந்தது 2009 ஜூலை 1 அன்று. வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டும், மூன்று மாதத்துக்கு மேற்படாத முகவரிச் சான்றும் வேண்டும். நான் 2012இல் வந்தபோது கோயில் குழுவினர் முத்திரையிட்டுக் கொடுத்த கடிதத்தைக் காட்டிக் கால் மணி நேரத்தில் எண் வாங்கிவிட்டேன். முகவரிச் சான்றின் தொல்லை பின்னால்தான் தெரிந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்கு மின்கட்டண ரசீது என்று ஒன்று வருவதே இல்லை. கடையில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒன்று தருவார்கள், அதை மீட்டரில் அழுத்தினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் வீட்டுக்கார ஆண்ட்டியை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். அலைச்சல்தான் என்றாலும் அதற்குச் செலவில்லை, ஆண்ட்டியோடு பேசிக்கொண்டு போனால் பொழுதும் போய்விடும். அதை நான் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது படிவத்தில் உள்ள குடும்பப் பெயர் என்ற கட்டம்.

நம்மில் பலரைப் போல எனக்கும் குடும்பப் பெயர் கிடையாது. என் இந்தியக் கடவுச்சீட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் என் பெயரும் தந்தையின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கணினியோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகர மறுக்கிறது. 2012இல் கடைக்காரர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கினார். அது ஓரளவு பொருத்தமாகவே இருந்தது. 2020 ஏப்ரலில் நாட்டின் இரு பெரிய நிறுவனங்கள் 30 நாளுக்கான ஒரு ஜிபி டேட்டாவின் விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தபோது, அவ்வாண்டு இறுதியில் அவற்றில் ஒன்றுக்கு எண்ணை மாற்றிக்கொண்டேன். எண் பழையது, ஆளும் பழைய ஆள். ஆனால் நிறுவனம் புதிது என்பதால் பதிவை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. இம்முறை கடையில் இருந்த பெண் என் பெயரைக் குடும்பப் பெயராகவும், தந்தையின் பெயரை முதற்பெயராகவும் தட்டச்சு செய்துவிட்டார். அன்று முதல் எனக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து, அவருடைய டேட்டா தீரப்போகிறது என்று எச்சரிக்கின்றன. அப்பா 1998இல் காலமானவர். கைபேசியைக் கையால் தொட்டதே இல்லை.

திருத்தித் தருமாறு மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் புதிய முகவரிச் சான்று கேட்டார்கள், இரண்டு முறை கொடுத்தேன், பெயர் மாறவில்லை.

இதை ஆண்ட்டியிடம் சொல்லிப் புலம்பியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் குடும்பத்துக்கு இன்று குடும்பப் பெயராக இருப்பது படையாச்சி. அதையும் ஆங்கிலத்தில் எவனோ ஒரு குமாஸ்தா எழுதிய எழுத்துக் கூட்டலில்தான் எழுதுகிறார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும் இப்படிப்பட்ட பதிவேடுகளில்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரைப் பதிந்த கப்பல் பட்டியல்களில் பெயருக்கு ஒரு பத்தியும், தந்தை பெயருக்குத் தனியே ஒரு பத்தியும் இருந்தன. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவன் கேட்டு எழுதிக்கொண்டதை இன்றைய கணினிப் படிவம் கேட்பதில்லை.

நியாயமாகவும் எழுத வேண்டுமல்லவா? 2023இல் டாக்சியில் கைபேசியைத் தவறவிட்டேன். டாக்சி என்றால் இங்கே பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் வேன். தவறவிட்டது திரும்பக் கிடைக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. வங்கிக் கணக்குக்கான ஓடிபி, ஊரில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே எண், என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குழு, எல்லாம் அந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் நாள் கடைக்குப் போனேன், முதற்பெயர் என்ன என்று கேட்டார்கள், என் பெயரைச் சொன்னேன், பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடவுச்சீட்டையும் இடையில் புதுப்பித்திருந்தபடியால் அதன் எண்ணும் பொருந்தவில்லை. மறுநாள் பெட்டியைக் கிளறி, ஓரம் வெட்டி ரத்து செய்யப்பட்ட பழைய கடவுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய், முதற்பெயரைக் கேட்டபோது கூசாமல் அப்பாவின் பெயரைச் சொன்னேன். இருபது நிமிடத்தில் புதிய அட்டையில் என் பழைய எண் உயிர்பெற்றுவிட்டது. முந்தைய நாள் எரிச்சலூட்டிய அதே கண்டிப்புதான் என் கைபேசியைக் கண்டெடுத்தவன் அந்த எண்ணைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் காத்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். தெருவில் விற்கும் அட்டை யாரோ ஒருவர் பெயரில் பதிவானது. அது தொலைந்தால் எண்ணைத் திரும்பக் கேட்க நமக்கு வாயில்லை. தம்பியிடம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பதிவு எதற்காக என்று கேட்டால், குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு என்கிறார்கள். குற்றம் செய்ய நினைப்பவன் ரோபோவில் கண்ணாடியை இறக்கினால் போதும், பதிவான அட்டை கைக்கு வந்துவிடும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வரிசையில் நிற்பவனுடைய பெயர்தான் பதிவேட்டில் ஏறுகிறது, அதுவும் தப்பாக. அதே ரீக்கா சட்டத்தின்படி அரசு மக்களின் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு எதிராகப் போதிய காப்பு இல்லை என்று இந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமே 2021 பிப்ரவரியில் சொல்லி, சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்றது. இந்த மண்ணில் பதிவு என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. இந்நாட்டின் வடபகுதியில் இருந்த டிரான்ஸ்வாலில் 1908இன் தொடக்கத்தில், இந்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயச் சட்டத்தை நீக்கிவிடுவார்கள் என்று நம்பித் தாமாகவே போய்ப் பதிவு செய்துகொண்டவர்கள், நீக்காததைக் கண்டதும் ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா பள்ளிவாசல் முன்னே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். காந்தியின் தோழரான தம்பி நாயுடு போன்றோர் சிறை சென்ற அந்தப் போராட்டத்தோடு என் குறுஞ்செய்திக் குறையை ஒப்பிடுவது மிகை என்று எனக்குத் தெரியும். மிகை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சட்டத்தின் 40ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. செயல்படும் சிம் அட்டையை வேறொருவருக்குக் கொடுத்தால் இருவரும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஆனால் குடும்பத்தாருக்குக் கொடுத்தால் வேண்டியதில்லை. அப்படியானால் அப்பா தம்முடைய அட்டையை மகனுக்குக் கொடுத்திருக்கிறார், சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு திருத்தக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மதிப்பெண் கேட்டால் எண்ணுக்கும் இணைப்புக்கும் ஐந்துக்கு நான்கு தருவேன். பதிவு முறைக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் அந்த இருபது நிமிடத்துக்காக. தொலைத்த எண்ணை மீட்டுத் தந்த முறைக்கு ஒன்றுதானா என்று கேட்டால், நேற்றும் அப்பா பெயரில் ஒரு செய்தி வந்தது, அதுதான் காரணம். தம்பியை நாளைக் காலை நானே கடைக்கு அழைத்துப் போகிறேன். பிரமாணப் பத்திரம் தயாராகிவிட்டது, கடவுச்சீட்டை நகலெடுக்க வாங்கி வைத்திருக்கிறேன். அதிலும் குடும்பப் பெயர் வரி காலியாகத்தான் இருக்கிறது.