இருட்டில் கை வைத்தாலும் தெரிகிற கனெக்டர்

எங்கள் அரங்கில் 120 இருக்கைகள்தான். ஒலி என் பொறுப்பு. ஆனால் வெளியிலிருந்து வரும் நாடகக் குழுக்கள் தங்கள் ஒலி ஆளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் எல்லா ஒலி லைன்களும் வந்து சேரும் பேட்ச் பேனலில் தினமும் கை வைப்பது ஒரே ஆள் இல்லை. கனெக்டர் வாங்கும்போது நான் முதலில் யோசித்தது இதைத்தான்.

பழைய பேனலில் மைக் லைன்கள் எல்லாம் 6.35 மி.மீ. டிஆர்எஸ் ஜாக்கில் வந்து முடியும்; ஒரே தண்டில் மூன்று தொடுமுனை உள்ள பிளக் அதில் செருகும். ஒரு நாடகத்தில் மகள் அப்பாவின் படுக்கையருகே பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி. அந்த நேரம் பார்த்து ஒருவர் பிளக்கைச் செருக, 'டம்' என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. டிஆர்எஸ் பிளக்கின் முனை உள்ளே போகும்போது மற்ற தொடுமுனைகளை உரசிக்கொண்டுதான் போகும். லைனில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக்குக்கு அதே கேபிளில் அனுப்பும் மின்சாரம்) இருந்தால் அந்த நொடியில் ஷார்ட் ஆகிவிடும். மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் கனெக்டரில் ஒவ்வொரு பின்னுக்கும் தனித் துளை, அந்த உரசலே கிடையாது. அதற்காக சேனலை மியூட் செய்யாமல் செருகலாம் என்று சொல்லவில்லை.

இப்போது போட்டிருப்பது நியூட்ரிக் நிறுவனத்தின் டி வரிசை எக்ஸ்எல்ஆர். மேடையிலிருந்து வரும் 24 லைனுக்கும் பின் உள்ள 'மேல்' (male) வகை, மேடைக்குப் போகும் 8 லைனுக்கும் துளை உள்ள 'ஃபீமேல்' வகை. விரலால் தடவினாலே பின்னா, துளையா என்று தெரிந்துவிடும். சிக்னல் எந்தப் பக்கம் போகிறது என்பதும் அதிலேயே தெரியும். லேபிளைப் படிக்க டார்ச் அடிக்க முடியாத அறையில் இது பெரிய விஷயம்.

சால்டரிங்கை நானே செய்தேன். 32 கனெக்டர், 96 இணைப்பு. பின்பக்கத்துக் குட்டிக் கிண்ணத்தில் முதலில் கொஞ்சம் ஈயம் விட்டு, வயர் நுனியிலும் பூசிக்கொண்டு, இரண்டையும் சேர்த்துச் சூடு காட்டினால் பளபளவென்று பிடித்துக்கொள்கிறது. ஆறினதும் மங்கலாகத் தெரிந்த நான்கைப் பிரித்து மறுபடி வைத்தேன். கிரவுண்டின் வெற்றுக் கம்பிக்கு ஸ்லீவ் போட மறக்காதீர்கள்.

ஸ்பீக்கர் லைன்களுக்கு, ஸ்பீக்கருக்கென்றே உள்ள ஸ்பீக்கான் கனெக்டர். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஸ்பீக்கரும் எக்ஸ்எல்ஆரில் இருந்தால், என்றாவது ஒருநாள் யாராவது ஆம்பின் வெளியீட்டை மிக்சரின் மைக் இன்புட்டில் செருகிவிடுவார்கள். டி வரிசையில் ஸ்பீக்கானும், நெட்வொர்க் கேபிளுக்கான ஈதர்கானும் அதே அளவு துளையில் உட்காரும். பின்னால் தேவை மாறினால் தகட்டை மாற்ற வேண்டாம், கனெக்டரை மாற்றினால் போதும்.

குறை என்றால் இடம். ரேக்கின் ஒரு யூ (ஒரு தட்டு) உயரத்தில் 16 எக்ஸ்எல்ஆர்தான் பிடிக்கும். பான்டம் (bantam) என்ற குட்டி ஜாக் என்றால் 96 பிடிக்கும்; மேலே சொன்ன ஃபாண்டம் பவர் வேறு. ஸ்டுடியோவுக்கு அது சரி. இங்கே வருகிறவர்கள் கையில் பான்டம் கேபிள் இருக்காது, மைக் கேபிள்தான் இருக்கும். இன்னொன்று, ஃபீமேலில் லாட்ச் (பிளக்கைப் பிடித்துவைக்கும் கொக்கி) உண்டு. பழகாதவர்கள் அதை அழுத்தாமல் கேபிளைப் பிடித்து இழுக்கிறார்கள். பேனல் ஓரத்தில் 'அழுத்தி எடுக்கவும்' என்று ஒட்டிவைத்திருக்கிறேன்.

போன வாரம் காட்சி நடுவே ஒரு மைக் செத்துவிட்டது. வந்திருந்த குழுவின் பெண் எங்கள் பேனலை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். சேனலை மியூட் செய்துவிட்டு, இருட்டில் தடவியே லைனை மாற்றினார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை.