லெவிட்டவுன் வீட்டில் வெதுவெதுப்பான தரையைப் பார்த்து ஏமாந்தோம்

பென்சில்வேனியா லெவிட்டவுனில், பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கிற ஆட்களிடம் வீடு வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் ஜூலையில் வாங்கினோம், நவம்பரில் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை.

எனக்கு பிரின்ஸ்டன் பக்கம் வேலை. நியூ ஜெர்சியில் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது, டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் வந்தால் அதே பணத்துக்கு மூன்று பெட்ரூமும் தோட்டமும் கிடைக்கிறது. 1952 முதல் 1958 வரை லெவிட் கம்பெனி 17,311 வீடுகளைக் கட்டித் தள்ளிய ஊர் இது. ஒரு பகுதியில் எல்லாத் தெருப் பெயரும் ஒரே எழுத்தில்தான் தொடங்கும், முதல் மாதம் நானே இரண்டு தடவை பக்கத்துத் தெருவுக்குள் போய்விட்டேன்.

இந்த வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது. கான்கிரீட் தளத்துக்குள் செப்புக் குழாய் பதித்து, அதில் சுடுநீரை ஓடவிட்டுத் தரையைச் சூடாக்குவார்கள். ஏஜென்ட் இதைப் பெருமையாகச் சொன்னார். எழுபது வருடம் கான்கிரீட்டுக்குள் கிடந்த குழாய் என்ன கதியில் இருக்கும் என்று, இன்ஜினியரிங் படித்த எனக்கே தோன்றவில்லை. புது சாம்பல் நிற வினைல் தரை, குவார்ட்ஸ் மேடை, வெள்ளை பெயின்ட் எல்லாம் கண்ணை மறைத்துவிட்டன. வாங்கும் முன் வீட்டைச் சோதித்துச் சொல்கிற இன்ஸ்பெக்டரும் ஏஜென்ட் காட்டிய ஆள்தான். ஜூலை வெயிலில் கால் மணி நேரம் பாய்லரை ஓடவிட்டு, 'இயங்குகிறது' என்று எழுதிக் கொடுத்தார். கான்கிரீட் சூடேறவே பல மணி நேரம் ஆகும், கால் மணியில் என்ன தெரியும்?

நவம்பரில் தெர்மோஸ்டாட்டைப் போட்டோம். வீடு சரியாகச் சூடாகவில்லை, ஆனால் பெட்ரூம் போகிற வழியில் ஒரு இடம் மட்டும் நல்ல வெதுவெதுப்பு. என் மகள் அங்கேயே தலையணை போட்டு ஹோம்வொர்க் எழுதுவாள், நாங்களும் அதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம்! மூன்று வாரத்தில் அந்த இடத்தில் வினைல் பலகை உப்பி மேலே வந்தது, தண்ணீர் பில்லும் எகிறியது.

பிளம்பர் வந்ததும் பாய்லருக்குத் தண்ணீர் போகிற வால்வை மூடினார், அவ்வளவுதான். அழுத்தம் காட்டும் கேஜ் முள் 12-இலிருந்து அரை மணியில் பூஜ்யத்துக்கு வந்தது. தரைக்குள் குழாய் ஓட்டை, கசிந்த சுடுநீர்தான் அந்த வெதுவெதுப்பு. கசிகிற தண்ணீரை அந்த வால்வு தானாகவே நிரப்பிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சரி, உடைத்துச் சரிசெய்யலாம் என்றால், வினைலுக்கு அடியில் ஒன்பது அங்குலச் சதுரமான பழைய தரை ஓடுகள். லேபுக்கு அனுப்பினோம், ஆஸ்பெஸ்டாஸ், தூள் மூச்சில் போனால் ஆபத்து. அதை அகற்ற லைசென்ஸ் உள்ள ஆள் தனி, செலவு தனி. கடைசியில் தரையைத் தொடாமல் சுவரோரமாக பேஸ்போர்டு ஹீட்டர் போட்டோம், பதினாலாயிரம் டாலர் போச்சு.

வீட்டின் குறைகளைச் சொல்லி விற்றவர் தர வேண்டிய டிஸ்குளோஷர் படிவத்தில் ஹீட்டிங் பகுதி முழுக்க 'தெரியாது' என்று டிக். அந்த வீட்டில் ஒரு நாளும் தூங்காதவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று வக்கீல் என்னையே கேட்கிறார். தெரிந்தே மறைத்தார்கள் அல்லது அலட்சியமாக விட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும், வீடு கைமாறும் குளோசிங் முடிந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எதிர்வீட்டுத் தாத்தா மட்டும், தரை போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஃபேன் வைத்து நாலு நாள் உலர்த்தினார்கள் என்கிறார். எழுதித் தருவாரா என்றால் யோசிக்கிறார்.

கோடையில் வீடு பார்த்தாலும் சரி, பாய்லரை முதல் நாளே போடச் சொல்லுங்கள். மறுநாள் நீங்கள் கூட்டிவரும் பிளம்பர் அந்த வால்வை மூடி ஒரு மணி நேரம் முள்ளைப் பார்க்கட்டும். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.

போன ஞாயிறு இரண்டு தெரு தள்ளி, விற்கிற வீட்டை யாரும் வந்து பார்க்கலாம் என்கிற ஓபன் ஹவுஸ் போர்டு. அதே ஆட்கள், அதே சாம்பல் தரை. உள்ளே போய் பாய்லர் எங்கே என்று கேட்டேன், முதலில் கிச்சனைப் பாருங்கள் என்றார்கள்.