பி.எச்.க்யூ-9: மனச்சோர்வின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒற்றைத் தாள்

பி.எச்.க்யூ-9 என்பது மனச்சோர்வு எவ்வளவு என்று நாமே நிரப்பிப் பார்க்கும் கேள்வித்தாள். இதற்குக் காசு இல்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒன்பது கேள்விகள், கடந்த 2 வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று 0 முதல் 3 வரை போட்டுக் கூட்டினால், 27-க்கு ஒரு மதிப்பெண். 5 முதல் லேசு, 10 முதல் மிதம், 15 முதல் சற்றே கடுமை, 20-ஐத் தொட்டால் கடுமை.

ஒரே தடவை நிரப்பினால் பாதிப் பயன்தான். 2 வாரத்துக்கு ஒருமுறை தேதி போட்டு நிரப்புங்கள், வரி வரியாக ஒப்பிடுங்கள். சிகிச்சை தொடங்கியதும் பலருக்குத் தூக்கமும் பசியும் முதலில் தேறும். ஆர்வம் திரும்பத் தாமதமாகும். மொத்தம் 18-லிருந்து 12-க்கு இறங்கியிருக்கும், ஆனால் முதல் கேள்வி (எதிலும் நாட்டமின்மை) அசையாமல் 3-லேயே நிற்கும். மருந்து பலிக்கவில்லை என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தொடக்க மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் நல்ல பலன். தணிந்தது என்று சொல்ல 5-க்குக் கீழே வர வேண்டும். எஞ்சி நிற்கும் சோர்வும் தூக்கக் கெடுதலும் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுபவை.

குறைகளும் உண்டு. தூக்கமின்மை, அதிகத் தூக்கம் இரண்டுக்கும் ஒரே கேள்வி. ஒன்று போய் மற்றது வந்தாலும் எண் மாறாது. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் சோர்வு மதிப்பெண்ணை ஏற்றிவிடும். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை, தாளின் வேலை அல்ல.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.