எம்.பி.எச். படிப்பு: களத்தில் இறங்கியா, ஆன்லைனிலா?

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை (எம்.பி.எச்.) படிக்க நினைத்தால் முதலில் கேட்பது இதைத்தான்: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்வதா, வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் முடிப்பதா? நான் களப்பணியோடு சேர்ந்த முழுநேரப் படிப்பை எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

செலவும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆன்லைனில் சம்பளம் நிற்காது, பிள்ளைகளைப் பிரிய வேண்டாம். முழுநேரம் என்றால் சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் மாதிரி இடங்களில் இரண்டு வருடம். 1854-இல் லண்டனில் காலரா ஒரு தெருக் கைபம்புத் தண்ணீரிலிருந்து பரவியதை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்த பாடம் இரண்டிலும் உண்டு. நோய்க் கணக்குகளை அலச உதவும் எபி இன்ஃபோ மென்பொருளும் இலவசம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதில். டெங்கு கொசுப்புழு கணக்கெடுப்பையே பாருங்கள். பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனையில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. ஆன்லைன் பயிற்சியில் எண்கள் நிரப்பிய எக்செல் தாள் வரும், வகுத்தால் விடை.

களத்தில் அது அவ்வளவு எளிதல்ல. நம் கரையில் பல ஊர்களில் கிணறு உப்பு. நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கி டிரம்மிலும் குடத்திலும் சேர்த்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் வேண்டும். டிரம்முக்குள் டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போய்விடும். அசையாமல் காத்திருந்தால் மூச்சுவிட மேலே வரும். அவசரப்பட்டு எட்டிப் பார்த்தவர் ‘புழு இல்லை’ என்று எழுதிவிடுவார். வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள் என்பதற்கும் காரணம் உண்டு: உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கொட்டச் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது. டிரம் காலியாகும் நாளைக் கேட்டு, அன்றைக்குக் கழுவச் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரியது பூட்டிய வீடு. ஆண்கள் கடலுக்கு, பெண்கள் பாசி எடுக்க என்று போயிருப்பார்கள். பட்டியலில் 100 வீடு, 30 பூட்டியிருக்கிறது, திறந்த 70-இல் 7-இல் புழு என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 10 சதவீதம். ஆனால் ஆள் இல்லாத வீட்டில்தான் தண்ணீர் அசையாமல் நிற்கிறது! அந்த முப்பதுக்கும் மாலையில் திரும்பப் போனால்தான் அந்த 10-ஐ நம்பலாமா என்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள்; அப்போது எடுக்கும் கணக்கும் வேறு மாதக் கணக்கும் ஒன்றல்ல. பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்று ‘இந்த வீட்டை ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்கும்போதுதான் இது மண்டையில் ஏறுகிறது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் ஆன்லைனில் படித்தவன் இல்லை. நண்பர்களின் பாடங்களைப் பார்த்ததுதான். புள்ளியியலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க அது வசதி என்கிறார்கள், இருக்கலாம். ஏற்கெனவே கிராம சுகாதார செவிலியராகவோ சுகாதார ஆய்வாளராகவோ ஊர் சுற்றுகிறவருக்குக் களம் கையிலேயே இருக்கிறது. அவருக்கு ஆன்லைனே போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

மற்றவர்கள் எதில் சேர்வதானாலும் பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: களப்பணி எத்தனை வாரம், கூட வந்து திருத்துவது யார்?