இரும்பு ஷெட் போடுபவர்கள் தூணின் அடியைக் கவனியுங்கள்

சென்னை மணலியில் கிடங்குக்காக 80 அடி அகலத்தில் இரும்பு ஷெட் போட்டேன். இரும்புச் சட்டங்களைச் செய்து நிறுத்தும் வேலையை ஒரு நிறுவனத்திடமும், அடித்தளத்தையும் தரையையும் ஒரு சிவில் ஒப்பந்ததாரரிடமும் கொடுத்திருந்தேன். முதல் மழைக்காலம் முடிந்தபோது, தூண் நிற்கும் கான்கிரீட் பீடமான பெடஸ்டலுக்கும் தரைக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. "புது மண் சார், கொஞ்சம் இறங்கும், சிமெண்ட் பால் ஊற்றுங்கள்" என்றார் ஒப்பந்ததாரர். ஊற்றினேன்; அடுத்த மாதமே அதே இடத்தில் மறுபடி பிளந்தது.

பிறகு வந்த கட்டமைப்புப் பொறியாளர்தான் விஷயத்தைச் சொன்னார். நடுத்தூண் இல்லாத இத்தகைய ஷெட்டில், கூரைச் சுமை உத்தரத்தை அழுத்தும்போது, விரித்து வைத்த ஏணியின் கால்கள் வழுக்குவதுபோல, இரு பக்கத் தூண்களின் அடியும் வெளியே விலகப் பார்க்கும். ஷெட் நிறுவனம் தந்த தாளில், முழுச் சுமையின்போது என் தூண் ஒன்றுக்குக் கீழ்நோக்கி 7 டன், வெளிநோக்கி ஏறக்குறைய 4 டன் என்று தெளிவாகவே இருந்தது. அதன் அடியில் "அடித்தள வடிவமைப்பு எங்கள் பொறுப்பல்ல" என்றும் பொடி எழுத்தில் இருந்தது. ஒப்பந்ததாரர் 7 டன்னை மட்டும் பார்த்துக் குழி தோண்டியிருக்கிறார். புயல் காற்று கூரையைத் தூக்கும்போது இந்த வெளிநோக்கிய விசை உள்பக்கமாகத் திரும்பும் என்பதும், சென்னைக்குத் தரநிலை வகுத்த அடிப்படைக் காற்றுவேகமே நொடிக்கு 50 மீட்டர் என்பதும் அவருக்குப் பொருட்டாகவே இல்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. பெடஸ்டல் வெளியே விலகாமல் தரையோடு பிடித்துவைக்க, அதைச் சுற்றி வளைத்துத் தரைக் கான்கிரீட்டுக்குள் நீளும் கொண்டை ஊசி வடிவக் கம்பிகளுக்கு அவர் பில்லில் பணம் வாங்கியிருந்தார். ஒரு தூணருகே உடைத்துப் பார்த்தோம். ஒரு கம்பிகூட இல்லை. இருந்திருந்தாலும் பெரிய பயனில்லை, ஏனெனில் தூண் வரிசைக்கு இரண்டடி உள்ளே அவரே தரையை வெட்டி மழைநீர்க் கால்வாய் விட்டிருந்தார். பிடித்துக்கொள்ள வேண்டிய தரை அங்கேயே அறுந்துவிட்டது.

இப்போது எதிரெதிர்ப் பெடஸ்டல்களை இணைத்துத் தரைக்கடியில் டை பீம் (இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் உத்தரம்) போடுகிறோம். ஷெட் போட நினைப்பவர்கள், பக்கவாட்டு விசை எந்த வழியாக எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கான்கிரீட் ஊற்றுமுன் கம்பிகளைப் படமெடுத்த பிறகே தவணையைக் கொடுங்கள். என்னிடம் இருக்கும் படங்கள் எல்லாம் பூமி பூஜையில் எடுத்தவை.