மரைன்டிராஃபிக்: இந்தியப் பெருங்கடலில் சீனக் கப்பல்களைத் தொடர உதவுமா?

2022 ஆகஸ்ட் 16-ல் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5 போன்ற சீனக் கப்பல்களைத் தொடர மரைன்டிராஃபிக் அருமையான இணையதளம். கப்பல்கள் தாமாக ஒலிபரப்பும் அடையாள, இருப்பிடச் சமிக்ஞைகளை (ஏஐஎஸ்) வாங்கி வரைபடத்தில் காட்டும். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் பல கப்பல்கள் வரும். கப்பலின் வானொலி அடையாள எண்ணான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணைப் போடுங்கள். 412, 413, 414 என்று தொடங்கினால் சீனக் கொடி. இந்தச் சமிக்ஞைகளை வாங்கும் கரை நிலையங்கள் பொதுவாக 40 கடல் மைல் வரைதான் எட்டும். நடுக்கடலுக்குச் செயற்கைக்கோள் தரவு வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ‘சேருமிடம்’ கட்டத்தை நம்பவே கூடாது, கப்பலில் இருப்பவர்கள் கையால் தட்டுவது அது. தடத்தைப் பாருங்கள்: சீரான வேகத்தில், உழுத வயல்போல் இணைகோடுகளாக மடிந்தால் பெரும்பாலும் கடலடி அளவெடுப்புதான். போர்க்கப்பல்களுக்கு ஏஐஎஸ் கட்டாயமில்லை. நீர்மூழ்கிகளை இதில் தேட வேண்டாம்.